ஒரு திறன் பலகை, ஒரு கைபேசி, 34 குழந்தைகள்: எதற்குப் பயன்படுத்தலாம், எதற்கு வேண்டாம்

கேட்கப்பட்ட கேள்வி இது. அரசு நடுநிலைப் பள்ளி, ஆறாம் வகுப்பில் 34 பேர். வகுப்பில் ஒரு திறன் பலகை (ஸ்மார்ட் போர்டு) இருக்கிறது, இணையம் வந்து வந்து போகிறது, ஆசிரியரிடம் சொந்தக் கைபேசி ஒன்று. காணொளி போட்டால் பிள்ளைகள் அசையாமல் பார்க்கிறார்கள். மறுநாள் கேட்டால் கதை மாதிரி இரண்டு வரி சொல்கிறார்கள், பாடம் வருவதில்லை. ஆளுக்கொரு கைக்கணினி (டேப்லெட்) கிடைத்தால்தான் சரியாகுமா, இல்லை இருப்பதை வைத்தே உருப்படியாக ஏதாவது செய்யலாமா?

இருப்பதே போதும். முதலில் அந்தக் காணொளியையே எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் பெரும்பாலான வகுப்புகளில் திறன் பலகை அதற்குத்தான் பயன்படுகிறது.

காணொளி தங்குதடையில்லாமல் ஓடும். குரல் தெளிவு, படம் அழகு, எல்லாம் வரிசையாக வருகிறது. பார்க்கிற குழந்தைக்கு 'எனக்குப் புரிந்துவிட்டது' என்று உண்மையாகவே தோன்றும். ஆனால் பார்க்கும்போது புரிவது வேறு, பார்க்காதபோது தானாக எடுத்துச் சொல்வது வேறு. ரோடிகர், கார்ப்பிக்கி என்ற இரு உளவியல் ஆய்வாளர்கள் 2006இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் சோதித்தது. ஒரே பகுதியை ஒரு குழு திரும்பத் திரும்பப் படித்தது; இன்னொரு குழு ஒருமுறை படித்துவிட்டு, புத்தகத்தை மூடி நினைவிலிருந்து எழுதிப் பார்த்தது. ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது திரும்பப் படித்தவர்கள் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது, எழுதிப் பார்த்தவர்கள் நன்றாகவே முந்தினார்கள். உங்கள் வகுப்பிலும் இதுதான் நடக்கிறது. காணொளி முடிந்ததும் கேட்டால் பதில் வருகிறது, மறுநாள் வருவதில்லை.

ஆகவே காணொளியை நீளமாக ஓடவிட வேண்டாம். 3 முதல் 5 நிமிடம் போதும். நீளமானது என்றால் தேவையான பகுதியின் தொடக்க நேரத்தையும் முடிவு நேரத்தையும் பாடக் குறிப்பில் எழுதி வையுங்கள். நீர்ச் சுழற்சிக் காணொளி என்று வையுங்கள். முதல் ஓட்டத்தில் ஒலியை நிறுத்திவிட்டு ஒரு நிமிடம் காட்டுங்கள். "இங்கே என்ன நடக்கிறது? பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லு." பிறகு ஒலியோடு. மேகம் உருவாகும் இடத்துக்குச் சற்று முன்னால் நிறுத்தி, "அடுத்து என்ன வரும்?" என்று கேட்டு ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். சொன்னது தப்பாக இருந்தாலும் பரவாயில்லை. ஊகித்த குழந்தை, விடை வரும்போது கூர்ந்து பார்க்கிறது. முடிந்ததும் பலகையை அணைத்துவிட்டு, நோட்டில் படம் வரைந்து அம்புக்குறி போடச் சொல்லுங்கள். மறுநாள் புதிய பாடத்துக்கு முன் இரண்டே கேள்வி, நோட்டு மூடியபடி. மொத்தம் 20 நிமிட வேலையில் காணொளி ஓடியது 4 நிமிடம்தான்.

இன்னொன்று: திரையில் நீளமான வாக்கியங்கள் ஓட, குரலும் அதையே வாசிக்கிற காணொளிகளைத் தவிருங்கள். கண் எழுத்தைத் துரத்தும், காது குரலைத் துரத்தும்; நடுவில் படத்தைப் பார்க்க ஆள் இல்லை. பல்லூடகக் கற்றலை நெடுங்காலம் ஆராய்ந்த ரிச்சர்ட் மேயர் இதை விரிவாக எழுதியிருக்கிறார். படமும் குரலும் இருந்தால் போதும், எழுத்தில் கலைச்சொல் மட்டும் வரட்டும்.

இனி, என் கருத்தில் ஒரே ஒரு கைபேசியால் வகுப்பில் செய்யக்கூடியவற்றில் மிகப் பயனுள்ளது: 34 பேரும் என்ன நினைக்கிறார்கள் என்பதை ஒரே நிமிடத்தில் பார்ப்பது. "புரிந்ததா?" என்று கேட்டால் "புரிஞ்சுது டீச்சர்" என்று கோரஸாக வரும். கை தூக்கச் சொன்னால் எப்போதும் தூக்குகிற ஆறு பேர் தூக்குவார்கள். மீதி 28 பேரின் தலைக்குள் என்ன இருக்கிறது என்பது விடைத்தாள் திருத்தும்போதுதான் தெரியும். அப்போது பாடம் கடந்துபோயிருக்கும்.

இதற்குப் பிளிக்கர்ஸ் (Plickers) என்ற செயலி இருக்கிறது. குழந்தைகளிடம் எந்தக் கருவியும் வேண்டாம். ஒவ்வொருவருக்கும் ஓர் அச்சிட்ட அட்டை. அதில் க்யூஆர் குறியீடு போன்ற ஒரு கருப்பு வடிவம், ஓர் எண். நான்கு பக்கங்களிலும் ஏ, பி, சி, டி என்று பொடி எழுத்து. தான் நினைக்கும் விடையின் எழுத்து மேலே வருமாறு அட்டையைத் திருப்பிப் பிடிக்க வேண்டும். நீங்கள் கைபேசிக் கேமராவை இடமிருந்து வலமாக மெதுவாக நகர்த்தினால் யார் என்ன விடை சொன்னார்கள் என்பது உங்கள் திரையில் வரும். ஒவ்வோர் அட்டையின் வடிவமும் வேறு, எழுத்தும் சிறியது. அதனால் பக்கத்தில் இருப்பவரைப் பார்த்துத் திருப்ப முடியாது. தப்பாகச் சொன்னவர் யார் என்பது வகுப்புக்குத் தெரியாது, உங்களுக்கு மட்டும் தெரியும். கூச்சப்படுகிற குழந்தைக்கு இது பெரிய விடுதலை.

அட்டைகளை அவர்கள் தளத்திலிருந்தே இலவசமாக இறக்கி அச்சிடலாம். 40 அட்டைத் தொகுப்பு உங்கள் வகுப்புக்குப் போதும். அட்டை எண்ணும் வருகைப் பதிவேட்டு எண்ணும் ஒன்றாக இருக்கட்டும். செயலியில் குழந்தையின் பெயருக்குப் பதில் அந்த எண்ணையே உள்ளிடுங்கள்; பெயர் உங்கள் பதிவேட்டில் இருக்கிறது, வேறெங்கும் இருக்கத் தேவையில்லை.

முதல் நாள் நிச்சயம் சொதப்பும் இடங்கள் சில உண்டு. விரல் கருப்புப் பகுதியை மறைத்தால் கேமரா படிக்காது. வெள்ளை ஓரத்தில் பிடிக்கப் பழக்க வேண்டும். பளபளப்பான லேமினேஷன் போட்டால் டியூப்லைட் வெளிச்சம் பட்டு வெளுத்துவிடும். மங்கல் தாள் போடுங்கள், அல்லது தடித்த அட்டையில் ஒட்டி அப்படியே விடுங்கள். குழந்தைகளின் முதுகுப் பக்கம் ஜன்னல் இருந்தால் அட்டை நிழலாகத் தெரியும். வெளிச்சம் அட்டையின் முகத்தில் விழும்படி நீங்கள் நிற்கும் இடத்தை மாற்றுங்கள். முன்வரிசைத் தலை பின்வரிசை அட்டையை மறைக்கும். பின்னால் இருப்பவர்கள் எழுந்து நிற்கட்டும். அட்டையை விநியோகித்துத் திரும்ப வாங்குவதிலேயே ஐந்து நிமிடம் போய்விடும் என்பதுதான் பலர் இதைக் கைவிடக் காரணம். கணக்கு நோட்டின் பின்னட்டையில் ஒட்டிவிடுங்கள், நோட்டையே தூக்கிக் காட்டட்டும்.

இணையம் அடிக்கடி போகிற பள்ளியில் இதையே நம்பி உட்கார முடியாது. அப்போது நான்கு நிற அட்டைகள். சிவப்பு ஏ, மஞ்சள் பி, பச்சை சி, நீலம் டி. கண்ணை மூடிக்கொண்டு, "ஒன்று, இரண்டு, மூன்று" சொன்னதும் ஒரே நேரத்தில் தூக்க வேண்டும். யார் எதைத் தூக்கினார்கள் என்பது பதிவாகாது, அவ்வளவுதான் வேறுபாடு. பலனில் பெரும்பகுதி இதிலேயே கிடைக்கும், ஏனென்றால் பலன் இருப்பது கேள்வியில்.

கேள்வியைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். தவறான விடைகள் ஒவ்வொன்றும் ஒரு குறிப்பிட்ட தவறான எண்ணத்திலிருந்து வர வேண்டும். 1/2 + 1/3 எவ்வளவு? ஏ: 2/5. பி: 5/6. சி: 2/6. டி: 1/5. சரியான விடை பி. 2/5 காட்டுகிற குழந்தை மேலே இருப்பதை மேலேயும் கீழே இருப்பதைக் கீழேயும் கூட்டியிருக்கிறது. பின்னத்தை ஓர் எண்ணாகப் பார்க்காமல், கோட்டுக்கு மேலும் கீழும் கிடக்கும் இரண்டு எண்களாகப் பார்க்கிறது. 2/6 காட்டுகிற குழந்தை பகுதியைச் சரியாக மாற்றிவிட்டுத் தொகுதியை மாற்ற மறந்திருக்கிறது. 1/5 காட்டுவது பகுதிகளை மட்டும் கூட்டிய குழந்தை. மூவருக்கும் மூன்று வெவ்வேறு மருந்து. முதல் குழந்தைக்குத் தாளை மடித்துக் காட்ட வேண்டும்: 2/5 என்பது அரையைவிடச் சிறியது, அரையோடு இன்னொரு பின்னத்தைக் கூட்டிய பிறகு எப்படிக் குறைந்தது? இரண்டாம் குழந்தைக்கு ஒரு வரி நினைவூட்டினால் போதும். 3/7, 8/11 என்று வாய்க்கு வந்த எண்களை விடைகளாகப் போட்டிருந்தால் இதில் எதுவும் தெரிந்திருக்காது.

அறிவியலுக்கு ஒன்று. ஐஸ் போட்ட டம்ளரின் வெளிப்புறத்தில் நீர்த்துளி எங்கிருந்து வந்தது? உள்ளே இருந்த நீர் கசிந்தது. ஐஸ் உருகி வழிந்தது. காற்றில் இருந்த நீராவி குளிர்ந்தது. குளிர்ச்சியே நீராக மாறியது. ஆவி சுருங்குதலைப் பாடத்தில் மனப்பாடமாகச் சொல்லும் பிள்ளைகளில் பலர் முதல் விடையைக் காட்டுவார்கள். டம்ளர் நீரில் கொஞ்சம் மஞ்சள்தூள் கலந்துவிட்டு, வெளித்துளியை வெள்ளைத் துணியால் துடைத்துக் காட்டுங்கள். துணியில் மஞ்சள் இல்லை. அந்த நொடியில் நடக்கிற கற்றலுக்கு எந்தக் காணொளியும் ஈடாகாது.

விடைகள் வந்த பிறகு என்ன செய்வது? ஹார்வர்டில் இயற்பியல் கற்பித்த எரிக் மசூர் 1990களில் வகுத்த முறை இங்கே நன்றாகப் பொருந்துகிறது. சரியாகச் சொன்னவர்கள் 30 சதவீதத்துக்குக் கீழ் என்றால் பாடத்தை வேறு விதமாக மறுபடி நடத்த வேண்டும். 30 முதல் 70 சதவீதம் என்றால், சரியான விடையைச் சொல்லாமல், வேறு விடை காட்டிய பக்கத்து ஆளிடம் இரண்டு நிமிடம் வாதாடச் சொல்லி மீண்டும் காட்டச் சொல்ல வேண்டும். அதற்கு மேல் என்றால் சுருக்கமாக விளக்கிவிட்டு நகரலாம். 34 பேர் வகுப்புக்குக் கணக்கு: 10 வரை, 11 முதல் 23 வரை, 24உம் அதற்கு மேலும். எந்த விடையை எத்தனை பேர் காட்டினார்கள் என்பதை முதல் சுற்றிலேயே திறன் பலகையில் காட்டிவிடாதீர்கள். எது பெரும்பான்மை என்று தெரிந்த கணமே வாதம் நின்றுவிடும், எல்லோரும் அந்தப் பக்கம் சாய்ந்துவிடுவார்கள்.

ஒரு பாடவேளைக்கு ஒரு கேள்வி, அதிகம் போனால் இரண்டு. பத்துக் கேள்வி போட்டுப் புள்ளிப் பட்டியல் காட்டினால் அது விளையாட்டுப் போட்டி ஆகிவிடும். வேகமான பிள்ளைகள் மகிழ்வார்கள், தேவைப்படுகிற பிள்ளைகள் யோசிக்காமல் திருப்புவார்கள்.

கைபேசிக்கு அடுத்த நல்ல வேலை, வாசிப்பைப் பதிவு செய்வது. எழுத்துக் கூட்டி வாசிக்கிற குழந்தைக்குக் கவனம் முழுவதும் எழுத்தை அடையாளம் காண்பதிலேயே போகிறது. தான் எங்கே நிறுத்தினோம், எந்தச் சொல்லை விழுங்கினோம் என்பது அதன் காதில் விழுவதே இல்லை. தன் குரலைத் திரும்பக் கேட்கும்போதுதான் விழும். நான்காம், ஐந்தாம் வகுப்பு நிலையில் வாசிக்கிற குழந்தைக்கு 40 முதல் 60 சொல் உள்ள பத்தி. கைபேசியை விமானப் பயன்முறையில் வையுங்கள், நடுவில் அழைப்பு வராது. வாயிலிருந்து ஒரு சாண் தூரம், நேர் எதிரே வேண்டாம், கன்னத்துப் பக்கமாக. இல்லாவிட்டால் ப வரும் இடங்களில் காற்று அடித்து இரையும். வகுப்புக்குள் பதிவு செய்தால் மற்றவர்கள் சத்தம் மூழ்கடிக்கும், தாழ்வாரமே நல்லது. குழந்தை வாசிக்கிறது, பிறகு புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு தன் பதிவைக் கேட்டு, தடுமாறிய சொற்களின் கீழ்ப் பென்சிலால் கோடு போடுகிறது, அந்தச் சொற்களை மட்டும் இரண்டு முறை சொல்லிப் பார்த்துவிட்டு மறுபடி வாசித்துப் பதிகிறது. ஒருவருக்கு ஐந்து நிமிடம். நாளுக்கு நான்கு பேர் என்றால் இரண்டு வாரத்துக்குள் வகுப்பு முழுவதும் ஒரு சுற்று முடியும். கோடு போடும் வேலையை நீங்கள் செய்துவிடாதீர்கள். குழந்தை தானே கண்டுபிடிப்பதுதான் இதன் உயிர்.

பேசுவதை எழுத்தாக்கும் வசதி கைபேசியில் இருக்கிறதே, அதை உச்சரிப்புச் சோதிக்கப் பயன்படுத்தலாமா என்று சிலர் கேட்பார்கள். ஏமாற்றிவிடும். அந்தக் கருவிகள் அக்கம்பக்கச் சொற்களை வைத்து ஊகித்து எழுதுபவை. குழந்தை "வாளப்பளம்" என்றாலும் அது "வாழைப்பழம்" என்றே எழுதக்கூடும், குழந்தை தான் சரியாகச் சொன்னதாக நினைத்துக்கொள்ளும். ல, ள, ழ வேறுபாட்டுக்கு உங்கள் காதும் நாக்கை எங்கே வைப்பது என்று காட்டும் உங்கள் வாயும்தான் கருவி.

மூன்றாவது, கண்ணுக்குத் தெரியாத அளவு மெதுவாக நடப்பதைக் காட்டுவது. விதை முளைப்பதைப் பாடப் படத்தில் நான்கு கட்டமாகப் பார்ப்பதற்கும், தாங்கள் போட்ட விதை தலை தூக்குவதைப் பார்ப்பதற்கும் வெகுதூரம். வாய் அகன்ற கண்ணாடிப் பாட்டில், உள்சுவரோடு ஒட்டினாற்போல் சுருட்டிய ஈரச் செய்தித்தாள், தாளுக்கும் கண்ணாடிக்கும் நடுவில் நான்கு பச்சைப்பயறு அல்லது மொச்சை. அடியில் ஒரு விரல் கனத்துக்கு மட்டும் நீர். விதை நீரில் மூழ்கினால் அழுகிப் பூஞ்சை பிடிக்கும், பெரும்பாலும் தோல்வி அதனால்தான். பாட்டில் இருக்க வேண்டிய இடத்தையும் கைபேசி நிற்க வேண்டிய இடத்தையும் மேசையில் பெயிண்டால் குறியுங்கள். பின்னால் வெள்ளைத்தாள், பக்கத்தில் அளவுகோல். தினமும் காலை வழிபாட்டுக் கூட்டம் முடிந்ததும் ஒரே ஒரு படம், ஃபிளாஷ் இல்லாமல். ஃபிளாஷ் கண்ணாடியில் பட்டு விதையை மறைத்துவிடும். திங்கட்கிழமை போடுங்கள். பயறு ஓரிரு நாளில் வேர் விடும், முக்கியமானதெல்லாம் வெள்ளிக்குள் வந்துவிடும். வியாழன் போட்டால் சனி, ஞாயிறில் யாரும் பார்க்காமலே நடந்துவிடும்.

தொடங்கும் முன் கேளுங்கள்: முதலில் வெளியே வருவது வேரா, இலையா? பலர் இலை என்பார்கள். வேர் கொஞ்சம் நீண்டதும் பாட்டிலைப் பக்கவாட்டில் சாய்த்து வைத்துவிடுங்கள். மறுநாள் படத்தில் வேரின் நுனி மறுபடி கீழ்நோக்கி வளைந்திருக்கும். படங்களை வரிசையாகத் திறன் பலகையில் வேகமாகத் தள்ளினால் வேர் அசைவது போலவே தெரியும். தினமும் வேரின் நீளத்தை அளந்து எழுதியதை வரைபடமாக்கினால் கணக்குப் பாடமும் கூடவே முடியும்.

திரையிலேயே நகர்த்தி மாற்றிப் பார்க்கிற மாதிரிச் செயல்பாடுகளுக்கு (சிமுலேஷன்) கொலராடோ பல்கலைக்கழகத்தின் ஃபெட் (PhET) தொகுப்பைப் பாருங்கள். நோபல் பரிசு பெற்ற கார்ல் வீமன் 2002இல் தொடங்கியது. பலவற்றைக் கோப்பாக இறக்கிப் பென் டிரைவில் வைத்துக்கொள்ளலாம், இணையம் இல்லாமல் உலாவியில் திறக்கும். மின்சுற்று, பின்னம், சமநிலைத் தராசு மூன்றும் இந்த வயதுக்கு ஏற்றவை. ஒன்று மட்டும்: மின்சுற்றைத் திரையில் காட்டிவிட்டு உண்மையான பேட்டரியும் பல்பும் தராமல் விட்டுவிடாதீர்கள். திரையில் கம்பி எப்போதும் ஒட்டிக்கொள்ளும். கையில் செய்யும்போது ஒட்டாது, ஏன் எரியவில்லை என்று தேட வேண்டும். அந்தத் தேடலில்தான் சுற்று என்றால் என்ன என்பது புரிகிறது.

இனி கைக்கணினிக் கேள்வி. பெருவில் குழந்தைக்கு ஒரு மடிக்கணினி தரும் திட்டத்தை 319 கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளில் ஆராய்ந்து 2012இல் முடிவு வெளியிட்டார்கள். கணினிப் பயன்பாடு கூடியது. கணக்கிலும் மொழியிலும் தேர்வு முடிவு நகரவில்லை. டெல்லியில் மைண்ட்ஸ்பார்க் மென்பொருளைக் கொண்டு நடத்தி 2019இல் வெளியான ஆய்வில், நாலரை மாதத்திலேயே கணக்கில் தெளிவான முன்னேற்றம் தெரிந்தது. இரண்டிலும் கருவி இருந்தது. டெல்லியில் குழந்தை எந்த வகுப்பில் உட்கார்ந்திருக்கிறது என்பதைப் பார்க்காமல், எந்த நிலையில் நிற்கிறது என்பதைச் சோதித்து அங்கிருந்து பயிற்சி தொடங்கியது. அதோடு 45 நிமிடம் கணினி என்றால் 45 நிமிடம் சிறு குழுவில் ஓர் ஆள் கற்பித்தார். அங்கே ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் கணக்கில் சராசரியாக ஏறத்தாழ இரண்டரை வகுப்பு பின்தங்கியிருந்தார்கள் என்பதையும் நினைவில் வையுங்கள். கைக்கணினி வந்தால் வரட்டும். தொடக்க வகுப்புகளுக்கான எண்ணும் எழுத்தும் திட்டம் பிள்ளைகளை நிலைவாரியாக அரும்பு, மொட்டு, மலர் என்று பிரிக்கிறது; ஆறாம் வகுப்பிலும் அப்படியே பிரித்துக்கொள்ளலாம். அந்தப் பிரிவுப்படி கருவியைப் பயன்படுத்தாவிட்டால் ஆளுக்கொன்று கொடுத்தும் பயனில்லை.

செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் இந்த இடத்தில்தான் உங்களுக்கு உதவும், குழந்தைகளுக்கு இப்போது வேண்டாம். ஒரே பத்தியை மூன்று நிலைக்கு எழுதித் தரச் சொல்லலாம். "அரும்பு நிலை: ஐந்து வாக்கியம், ஒரு வாக்கியத்தில் நான்கு சொல்லுக்கு மேல் வேண்டாம், கூட்டெழுத்துச் சொற்கள் வேண்டாம்" என்று அளவு சொன்னால்தான் சரியாக வரும். அச்சிடும் முன் வாய்விட்டு ஒருமுறை வாசியுங்கள். ஒற்றுப்பிழை, ஊரில் யாரும் சொல்லாத செயற்கைச் சொற்கள், நம்பும்படி எழுதப்பட்ட தவறான ஆண்டு, இந்த மூன்றும் அடிக்கடி வரும்.

சில்லறையாகத் தோன்றினாலும் வகுப்பைக் கெடுப்பவை சில. பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருவில் அடித்த பயிற்சித்தாள் திறன் பலகையில் கிறுக்கலாகத் தெரியும். யூனிகோடுக்கு மாற்றுங்கள், அல்லது அடித்த கணினியிலேயே பிடிஎஃப் ஆக்கிக் கொண்டுவாருங்கள். கடைசி வரிசையில் போய் உட்கார்ந்து படித்துப் பாருங்கள். திரையில் எழுத்தின் உயரம் நான்கு செ.மீ. இருந்தால் ஆறு மீட்டர் தூரத்துக்குச் சிரமமில்லை. பாடநூல் க்யூஆர் காணொளிகளைத் திக்‌ஷா செயலியில் முதல் நாளே இறக்கி வைத்துவிடுங்கள். கரண்ட் போனால் என்ன செய்வது என்பது பாடக் குறிப்பிலேயே ஒரு வரியாக இருக்கட்டும்.

பதிவுகளும் படங்களும் பிள்ளைகளுடையவை. 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குட்பட்ட எல்லோரையும் குழந்தைகள் என்றே கொள்கிறது. அவர்கள் தரவைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதலைக் கேட்கிறது. திக்கி வாசித்த பதிவை வாட்ஸ்அப் குழுவில் 'முன்னேற்றம் பாருங்கள்' என்று போட்டால் அந்தக் குழந்தை அடுத்த முறை வாய் திறக்காது. பருவத் தொடக்கத்தில் ஒன்று, முடிவில் ஒன்று வைத்துக்கொண்டு, பெற்றோர் வரும் நாளில் பக்கத்தில் உட்காரவைத்துக் கேட்கச் செய்யுங்கள். மற்றவற்றை அழித்துவிடுங்கள்.

எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் தொடங்க வேண்டாம். முதல் இரண்டு வாரம் நிற அட்டையும் ஒரு நல்ல கேள்வியும் மட்டும். பிள்ளைகளுக்குப் பழகியதும் பிளிக்கர்ஸ், அதற்கடுத்து நாளுக்கு நான்கு பேர் என்று வாசிப்புப் பதிவு. பயறு எந்தத் திங்கட்கிழமையும் போடலாம்.